கழுவிய கால்

இயேசு மரி சூசை

காரைக்குடி,
5.2.1995

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் அம்மா என் அக்காவை வீட்டை விட்டுத் துரத்திவிட்டார்கள். தொழுநோய் என்று சொல்லித் துரத்தினார்கள். அது தொழுநோய் இல்லை. பரிசோதித்தவர்கள் இல்லை என்று சொன்ன பிறகுதான் துரத்தினார்கள்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "மாப்ளைக்கு எழுதுற கடுதாசியில குத்தம் எழுதாதடி, நாலு நல்ல வார்த்தை போடு" என்கிறாள். போடுகிறேன். அப்பா நலம். அம்மா நலம். இந்த வருஷம் கண்மாயில் தண்ணீர் நிற்கிறது. உங்கள் மகள் ஜெரினா நலம் என்று கேள்விப்படுகிறோம். கேள்விப்படத்தான் முடிகிறது. பிள்ளையை உங்கள் அம்மா அக்காவோடு அனுப்பவில்லை.

நான் படிப்பை முடித்துவிட்டு இப்போது பீர் முகம்மது பாயின் எஸ்.டி.டி. பூத்தில் உட்காருகிறேன். வெள்ளிக்கிழமை வந்தால் வளைகுடாவிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருக்கும். யார் வீட்டுக்கு வந்தாலும் சைக்கிளில் ஆள் அனுப்பிக் கூட்டிவருவோம். நம் வீட்டுக்கு ஆள் அனுப்பியதே இல்லை. நான் இரண்டு முறை தம்மாமில் உங்கள் கேம்ப்புக்குக் கூப்பிட்டேன். இரண்டு முறையும் ஒரு மலையாளத்துக்காரர் எடுத்து, சகாய ஆண்டனி டூட்டியில் இருக்கிறார் என்றார். சொல்லச் சொன்னேன். சொல்லியிருப்பார்.

அக்கா காலைப் பற்றி யார் யார் உங்களுக்கு என்னென்ன எழுதினார்களோ தெரியாது. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். ஜெரினா கைக்குழந்தையாக இருந்தபோது, கண்மாய்க் கரையில் விறகு ஒடிக்கப் போன இடத்தில் அக்காவின் வலது பாதத்தில் கருவேல முள் ஏறியது. நீங்கள் அப்போது லீவில் வந்திருந்தீர்கள். முள்ளை ஊசியால் கிளறி எடுத்ததே நீங்கள்தான் என்று அக்கா இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறாள். நீங்கள் திரும்பிப் போன பிறகு அந்த இடத்தில் ஒரு கட்டி வந்தது. வலிக்கவில்லை. வலிக்காததை நம் வீடுகளில் யாரும் நோயாக நினைப்பதில்லை. பாதம் தடித்தது. செருப்பு நுழையவில்லை. பிறகு அங்கங்கே பொத்துக்கொண்டு கசிய ஆரம்பித்தது. ஒரு ஓட்டை ஆறும், பக்கத்தில் இன்னொன்று திறக்கும்.

அந்தக் காலோடுதான் நேமத்தான்பட்டியில் தேனம்மை ஆச்சி வீட்டுக்குப் பலகாரம் போடப் போய்க்கொண்டிருந்தாள். கல்யாண வீடுகளுக்குச் சீடையும் மணகோலமும் சுட, நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிற வேலை. காலில் துணி சுற்றி, அதன்மேல் பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு போவாள். யாராவது கேட்டால் சேற்றுப்புண் என்பாள்.

முதலில் பார்த்த டாக்டர் எலும்பில் டி.பி. என்றார். மாதக்கணக்கில் மாத்திரை தின்றாள். சிறுநீர் சிவப்பாகப் போனதுதான் மிச்சம். அடுத்தவர் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. மூன்றாமவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, தொழுநோய் டெஸ்ட் எடுத்துக்கொண்டு வா என்றார். வாரம் ஒருநாள் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்து பார்ப்பார்களே, அங்கே போய் வரிசையில் நின்றாள். காது மடலில் கீறி எடுத்துப் பார்த்து, இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இல்லை என்று சொன்னது அவளுக்கு மட்டும் தெரியும். வரிசையில் நின்றது ஊருக்கே தெரியும்.

அன்று சாயங்காலம் உங்கள் அம்மா சேலையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து, அக்காவை உட்காரவைத்து, பாதத்தில் குத்திப் பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. உணர்ச்சி செத்துப்போச்சு, அதுதான் வியாதி என்று உங்கள் அம்மா முடிவு செய்தார்கள். நான் அக்காவிடம் கேட்டேன், நிஜமாகவே உறைக்கவில்லையா என்று. "உறைக்காம என்னடி, உசுரு போச்சு. அத்தை குத்துறாக. அவுக மூஞ்சிக்கு நேரா ஆன்னு கத்தவா முடியும்?" என்றாள். மாமியார் முன்னால் வாயைத் திறக்காத மருமகள் என்று அவளை நீங்கள் எல்லோரும் எவ்வளவு புகழ்ந்தீர்கள்!

கடைசியாகப் பார்த்த அறுவை டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். காலில் ஒரு துண்டைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். நாள்பட்ட வீக்கம் என்று முடிவு வந்தது. வீக்கம் என்று எங்களுக்கே தெரியும். எலும்பை அரிக்க ஆரம்பித்துவிட்டது, கணுக்காலுக்கு மேலே எடுத்துவிடலாம் என்றார். அதை அப்பா உங்களுக்கு எழுதியதும் உடனே பதில் போட்டீர்கள். "டாக்டர் வெட்டச் சொன்னால் வெட்டிவிடுங்கள், ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று. என்ன நோய் என்று கேட்டு ஒரு வார்த்தை அதில் இல்லை. ஆண்டவருக்கு வேறு வேலை இல்லையா மச்சான்?

அக்கா அந்தக் கடிதத்தை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். "அவுகளே சொல்லிட்டாகள்ல, அப்புறம் என்ன" என்கிறாள்.

என்ன நோய் என்று ஒருவருக்கும் தெரியாமல் ஒரு காலை வெட்டக்கூடாது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டச் சொல்லி அவளுக்கு எழுதுங்கள். நீங்கள் சொன்னால் வருவாள். நான் சொன்னால் வரமாட்டாள்.

உங்கள் மனைவியின் தங்கை,
ஆரோக்கிய ஷீலா


இயேசு மரி சூசை

காரைக்குடி,
19.3.1995

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் பதில் எழுதவில்லை. அதனால் உங்களுக்காக நானே பதில் சொல்லிவிட்டேன். மச்சான் பூத்துக்குப் போன் பண்ணினார், மதுரையில் காட்டச் சொன்னார் என்று அக்காவிடம் பொய் சொன்னேன். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "என்ன சொன்னாக? குரல் எப்படி இருந்துச்சு? இளைச்ச மாதிரி பேசுனாகளா?" என்று துளைத்துவிட்டாள். சளி பிடித்த மாதிரி இருந்தது என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன். மறுவாரமே கிளம்பிவிட்டாள்.

மதுரையில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதல் தடவை போனபோது அக்கா விடிந்ததும் எழுந்து, வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் காலைக் கழுவினாள். டெட்டால் ஊற்றி இன்னொரு தடவை கழுவினாள். மஞ்சள் தூள் வைத்து, வெள்ளை வேட்டியில் கிழித்த துணியைச் சுற்றிக்கொண்டாள். கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லோரும் இங்கே அப்படித்தான் போகிறார்கள். ஆஸ்பத்திரியில் வரிசை எப்படி என்றால், முதலில் கட்டுப் போடும் அறை, அப்புறம்தான் டாக்டர். அங்கே இருந்தவர் கட்டைப் பிரித்து, ஸ்பிரிட் வைத்து இன்னும் ஒருமுறை நன்றாகத் துடைத்தார். துடைத்த பஞ்சு வாளிக்குப் போனது. டாக்டர் பார்த்தபோது அங்கே இருந்தது பளிச்சென்று துடைத்த வீங்கின கால்.

அவர் எங்களை லேப் டாக்டரம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா காலைக் கையில் தூக்கி வைத்துப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் காலைக் கையில் ஏந்திப் பார்த்த முதல் டாக்டர் அவர். "கசியுறதுல ரவை மாதிரி குட்டி குட்டியா ஏதாச்சும் வருதாம்மா?" என்று கேட்டார்.

அக்கா உடனே இல்லை என்றாள். யோசிக்கவே இல்லை. அவள் யோசிக்காமல் ஒன்றைச் சொன்னால் அது பொய் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து தெரியும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வந்தேன். திருப்பத்தூர் தாண்டித்தான் வாயைத் திறந்தாள். வருகிறதாம். துணியைப் பிரிக்கிறபோதெல்லாம் வெள்ளை ரவை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்குமாம். யாரும் பார்ப்பதற்குள் கழுவிவிடுவாளாம். ஏன்க்கா சொல்லவில்லை என்று கேட்டேன். "நான் பலகாரத்துல கை வைக்கிறவ. கால்ல ரவை கொட்டுதுன்னு தெரிஞ்சா எவ தின்பா? நினைச்சுப் பாரு" என்றாள். ஊரில் ஆஸ்பத்திரிக்கு முதல்முதலாகப் போன அன்றைக்கு நர்ஸ் என்ன சொன்னாள் என்பதையும் அப்போதுதான் சொன்னாள். "நாத்தத்தைச் சுமந்துக்கிட்டு வந்துட்டியா? வீட்டுல தண்ணி இல்லையா? கழுவிட்டு வா போ" என்று அத்தனை பேர் முன்னாலும் விரட்டியிருக்கிறாள். அன்றிலிருந்து அக்கா கழுவாமல் எந்த டாக்டரிடமும் போனதில்லை.

சுத்தமாக வா என்று விரட்டினார்கள். சுத்தமாகப் போனாள். பிறகு, ஒன்றும் தெரியவில்லையே, வெட்டிவிடலாம் என்கிறார்கள். இதற்கு யாரைப் போய் அடிப்பது?

அடுத்த தடவை கட்டைப் பிரிக்காமல் அப்படியே வரச் சொல்லி டாக்டரம்மா நாள் கொடுத்திருந்தார். நான் பல் விளக்கப் போன நேரத்தில் அக்கா கழுவிவிட்டாள். பஸ் ஏறிய பிறகுதான் டெட்டால் வாசனை வந்தது. டாக்டரம்மா என்னைத்தான் திட்டினார். "படிச்ச பொண்ணுதானே நீ" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "இத்தனை பேரு உக்காந்திருக்குற எடத்துக்கு எப்படி டாக்டர் அப்படியே வாரது?" என்றாள். அவர் இன்னொரு நாள் எழுதிக் கொடுத்தார்.

மூன்றாவது தடவை நான் பூத்துக்கு லீவு போட்டுவிட்டு அக்காவோடேயே இருந்தேன். டெட்டாலை ஒளித்துவைத்தேன். அவள் குளிக்கப் போனால் நானும் வாசலில் நின்றேன். சண்டை போட்டாள், அழுதாள், என்னோடு பேசாமல் இருந்தாள். பிறகு அந்த வாடையோடு பஸ் ஏறினோம். குன்றக்குடி மலை கண்ணில் படுவதற்குள் எங்களைச் சுற்றி எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். கண்டக்டர் வந்து, "கருவாட்டுக் கூடைய மேல போட வேண்டியதுதானே, உள்ள ஏன் ஏத்துறீக?" என்று கேட்டான். கூடை இல்லை, கால் என்றேன். அவன் டிக்கெட் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அக்கா மதுரை வரை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் மறுபடியும் அதே வரிசை. கட்டுப் போடுகிறவர் பஞ்சை எடுத்துக்கொண்டு வந்தார். துடைக்காதீர்கள், லேப்பில் பார்க்க வேண்டும் என்றேன். "எனக்கே சொல்லித் தாரியா? துடைக்காம உள்ள விட்டா டாக்டர் என்னையில்ல கேப்பாரு" என்றார். அவர் சொன்னதும் நிஜம்தான். அவர் வேலை துடைப்பது. நான் அக்காவின் காலுக்குக் குறுக்கே உட்கார்ந்து கத்த ஆரம்பித்தேன். கத்தத் தெரியாத அக்காவுக்கும் சேர்த்துக் கத்தினேன். கூட்டம் கூடியது. யாரோ போய்ச் சொல்லி டாக்டரம்மாவே இறங்கி வந்தார். அங்கேயே கட்டைப் பிரித்தார்.

துணியில் ஒட்டியிருந்தது மச்சான். வெள்ளையாக, ரவையேதான். டாக்டரம்மா அதைக் குச்சியால் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் போட்டுக்கொண்டு, "இதைத்தாம்மா தேடிக்கிட்டு இருக்கோம்" என்றார். அக்கா முகத்தை மூடிக்கொண்டாள்.

முள் வழியாக மண்ணிலிருந்து உள்ளே போகிற கிருமியாம். அதில் இரண்டு ஜாதி. ஒன்று ஊசிக்கும் மாத்திரைக்கும் அடங்கும். இன்னொன்று பெரும்பாலும் கத்திக்குத்தான் அடங்கும். எது என்று அந்த ரவையை வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். ஒட்டாது, பரவாது, தொழுநோய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உலகம் முழுக்க டாக்டர் புத்தகங்களில் இதற்கு மதுரா ஃபுட் என்று பெயராம். மதுரைக் கால். நம் ஊர்ப் பெயரை வைத்துவிட்டார்கள். நம் ஊரில்தான் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

முடிவு வரும்வரை வெட்டக்கூடாது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். நான் சொன்ன பொய்யை உண்மையாக்குங்கள். ஒருமுறை கூப்பிட்டு அவளோடு பேசுங்கள்.

ஷீலா


இயேசு மரி சூசை

காரைக்குடி,
18.6.1995

மச்சானுக்கு,

இதைப் பாயின் மகன் ஜியாவுதீன் கையில் கொடுத்தனுப்புகிறேன். லீவு முடிந்து தம்மாமுக்குத்தான் வருகிறார். நேரில் பார்த்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். தபாலில் தொலைந்துவிட்டது என்று சொல்ல வழியில்லை.

நல்ல செய்தியை முதலில் எழுதுகிறேன். அக்காவுக்கு வந்திருப்பது மருந்துக்கு அடங்குகிற ஜாதி. ஏப்ரலில் முடிவு வந்தது. தினமும் ஊசி, கூடவே மாத்திரை. குறைந்தது ஒரு வருஷம் ஆகும், நடுவில் விடவே கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். ஊசி போட ஆரம்பித்துக் கொஞ்ச நாளிலேயே கசிவு குறைந்தது. உள்ளங்காலில் இருந்த இரண்டு ஓட்டைகள் மூடிவிட்டன. போன மாதம் அக்கா அப்பாவின் ரப்பர் செருப்பைப் போட்டுப் பார்த்தாள். நுழைந்தது. வீட்டுக்குள்ளேயே அதைப் போட்டுக்கொண்டு நடந்தாள். கால் பிழைத்துவிடும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அப்புறம் உங்கள் அம்மா வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜெரினாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். குறை சொல்லக்கூடாது, பிள்ளையைக் காட்டத்தான் வந்தார்கள். ஜெரினா அக்காவைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மடியில் ஏறிக்கொண்டு இறங்கவில்லை. உங்கள் அம்மா காப்பி குடித்தார்கள். கால் வற்றியிருக்கிறது என்று அவர்களே சொன்னார்கள். பிள்ளையை அடுத்த வாரம் கொண்டுவந்து விடுகிறேன் என்று அவர்கள் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். கிளம்பும்போது ஜன்னலில் இருந்த மாத்திரை அட்டையைப் பார்த்தார்கள். என்ன மாத்திரை என்று கேட்டு, அட்டையிலிருந்து ஒன்றைக் கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.

நேராகச் செம்மலையிடம் போயிருக்கிறார்கள். உங்கள் பக்கத்து ஊர்களில் தொழுநோய்க்காரர்களுக்கு மாத்திரை கொடுக்கிறாரே, அவர். இது என்ன என்று காட்டியிருக்கிறார்கள். அவரும், "ஆமாத்தா, இது நாங்க குடுக்குற மாத்திரைதான்" என்று சொல்லியிருக்கிறார். அது பொய் இல்லை. அதே மாத்திரைதான். அது இரண்டு நோய்க்கும் கேட்கும், அவ்வளவுதான். விஷயம் தெரிந்ததும் செம்மலையே சைக்கிளில் உங்கள் வீட்டுக்குப் போய், இது வேறு நோய் என்று விளக்கியிருக்கிறார். "பாவம், அவ பேரு கெட்டுறக் கூடாதுன்னு பேசுறீக" என்று உங்கள் அம்மா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெரினா வரவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. உங்கள் வீட்டு வாசலுக்குப் போன அக்காவை உள்ளே விடவில்லை. "ஒன்னு அந்த மாத்திரைய நிறுத்து, இல்லாட்டி பிள்ளைய மற" என்று சொல்லியிருக்கிறார்கள். தேனம்மை ஆச்சியும் சொல்லி அனுப்பிவிட்டார்கள், "காலு நல்லா ஆகட்டும் ஆத்தா, அவசரம் ஒன்னுமில்ல" என்று. அதற்கு என்ன அர்த்தம் என்று அக்காவுக்குத் தெரியும்.

அக்கா மாத்திரையை நிறுத்திவிட்டாள். ஊசிக்கும் போகவில்லை. மச்சான் என்ன சொன்னார், ஞாபகமில்லையா என்றேன். அவள் பூத்துக்குப் போய்ப் பாயிடமே கேட்டிருக்கிறாள். அவர் பொய் சொல்லாத மனுஷர். நீங்கள் ஒருநாளும் கூப்பிடவில்லை என்று சொல்லிவிட்டார். "எல்லாரும் என்னையப் பத்திப் பேசுறீக. ஒருத்தராச்சும் என்கிட்ட நெசத்தப் பேசுறீகளாடி?" என்று கேட்டாள். இப்போது நான் எதைச் சொன்னாலும் நம்புவதில்லை. டாக்டரம்மா சொன்னதையும் நான் ஜோடித்தது என்றே நினைக்கிறாள்.

யாரிடமும் சொல்லாமல் பழைய அறுவை டாக்டரிடம் போய், வெட்டிவிடுங்கள் என்று நாள் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அடுத்த மாதம். கால் தேறுகிற நேரத்தில் ஏன்க்கா என்று நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. "வருஷக்கணக்கா மாத்திரை தின்னா வருஷக்கணக்கா நான் வியாதிக்காரி. வெட்டிட்டா முடிஞ்சு போச்சுல்ல. காலே இல்லேன்னா அத்தை எதைக் காட்டி வியாதிங்கப் போறாக? பிள்ளைய விட்டுத்தானே ஆகணும்" என்றாள்.

பிள்ளைக்காகக் காலைக் கொடுக்கிறாள் மச்சான். தேறுகிற காலை.

நான் யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. உங்கள் அம்மா பயப்படுகிறார்கள். பிள்ளைக்கு ஒட்டிவிடும் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை அவர்களுக்கு யாரோ எப்போதோ ஊட்டியிருக்கிறார்கள். நான் சொல்வதெல்லாம், இது தொழுநோய் இல்லை. தொழுநோயாகவே இருந்தாலும் என்ன? அதற்கும் மாத்திரை இருக்கிறது. அதற்காகவும் ஒருத்தியைப் பிள்ளையிடமிருந்து பிரிக்கக்கூடாது. நான் இல்லை இல்லை என்று எழுதிக்கொண்டே இருப்பதால், இருந்திருந்தால் துரத்தியது நியாயம் என்று ஆகிவிடாது.

ஜூலை ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை. உங்களுக்கு லீவு. அன்று அக்காவைப் பூத்துக்குக் கூட்டிவந்து உட்காரவைக்கிறேன். கூப்பிடுங்கள். மாத்திரையை விடாதே என்று அவளிடம் சொல்லுங்கள். பிள்ளையை அனுப்பச் சொல்லி உங்கள் அம்மாவுக்கு எழுதுங்கள். அவர்கள் உலகத்தில் ஒருவர் பேச்சைத்தான் கேட்பார்கள். அது உங்கள் பேச்சு.

ஷீலா


காரைக்குடி,
8.7.1995

மச்சானுக்கு,

நேற்று நீங்கள் கூப்பிடவில்லை.

அக்கா வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். பிறகு தானே தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். மணி அடித்தபோதெல்லாம் எழுந்தாள். எல்லாம் வேறு வீடுகளுக்கு. ஒருத்தி புருஷனிடம் புது மிக்ஸி ஓடவில்லை என்று சண்டை போட்டாள். இன்னொருத்தி சிரித்துச் சிரித்து ஒன்றுமே பேசாமல் வைத்துவிட்டாள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாய் டீ வாங்கிக் கொடுத்து, "லைன் கிடைக்காதும்மா, வெள்ளிக்கிழமை கூட்டம்" என்றார். அவருக்கும் பொய் சொல்ல வந்துவிட்டது.

சாயங்காலம் ஜியாவுதீன் அவர் அத்தாவைக் கூப்பிட்டார். ரிசீவரை வாங்கி நானே கேட்டேன். "குடுத்துட்டேன் தங்கச்சி. என் கண்ணு முன்னாடியே பிரிச்சுப் படிச்சாரு. மடிச்சுப் பையில வச்சுக்கிட்டாரு. எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு. ஒன்னும் சொல்லல" என்றார். அக்கா பக்கத்தில்தான் நின்றாள். ரிசீவரில் வருவது வெளியே கேட்கும். அப்படியே வீட்டுக்கு நடந்து போனாள். வழியெல்லாம் நொண்டாமல் நடந்தாள். இரண்டு மாத ஊசி அவ்வளவு வேலை செய்திருக்கிறது.

வியாழக்கிழமை காலையில் வெட்டுகிறார்கள். தபாலில் போட்டால் இது உங்களுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் பாய் இதை ஃபேக்ஸில் உங்கள் கம்பெனி ஆபீசுக்கு அனுப்புகிறார். நடுவில் யார் யார் கையில் போகுமோ தெரியாது. தமிழ் தெரிந்தவர்கள் படிக்கட்டும். படித்துவிட்டு உங்களிடம் என்ன என்று கேட்கட்டும். எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட்டு வெட்கப்பட்டுத்தான் இந்தக் கால் இந்த நிலைக்கு வந்தது.

நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன், ஏன் கூப்பிடவில்லை என்று. அம்மாவை எதிர்த்துப் பேசப் பயமா? அல்லது உங்களுக்கும் அது தொழுநோய்தானோ என்று சந்தேகமா? அல்லது வேறு ஏதாவதா? எதுவாக இருந்தாலும் எழுதுங்கள், எனக்கு இல்லை, அவளுக்கு. நீங்கள் பேசாமல் இருப்பதை, கோபமில்லை, சம்மதம் என்று அவள் அர்த்தம் பண்ணிக்கொள்கிறாள். "அவுகளுக்கு மனசு கஷ்டம், அதான் பேசமாட்டேங்கிறாக" என்று இன்று காலையில் சொன்னாள். உங்களுக்காக அவளே பதில் சொல்லிக்கொள்கிறாள்.

மதுரை டாக்டரம்மாவிடம் போனில் பேசினேன். இன்றைக்கு மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தாலும் கால் தேறும் என்கிறார். அறுவை டாக்டரிடமும் அவர் பேசியிருக்கிறார். அந்த டாக்டரோ, பேஷண்டே வெட்டச் சொல்கிறார், நான் என்ன செய்ய என்று கேட்டாராம். அப்பாவுக்கு உங்களை மீறி ஒன்றும் சொல்லத் தைரியமில்லை. இனி நான் கத்திப் பயனில்லை. அந்தக் கட்டுப் போடும் அறையில் கத்தினேன், கேட்டார்கள். இங்கே கேட்க ஆளில்லை.

வியாழக்கிழமை விடியும்வரை பூத்தைத் திறந்துவைக்கப் பாய் சம்மதித்துவிட்டார். நம்பர் உங்களிடம் இருக்கிறது. காலைக் காப்பாற்று என்று சொல்லுங்கள். இல்லை, வெட்டத்தான் வேண்டும் என்றால், அதையாவது உங்கள் வாயால் அவள் காதில் சொல்லுங்கள்.

ஆண்டவர் உங்கள் இரண்டு கால்களையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

அவளைக் கூப்பிடுங்கள்.

ஷீலா